காயப்பட்ட இளையோருக்கான கிறிஸ்தவ முகாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடி, பாலியல் துன்புறுத்தல், புறக்கணிப்பு ஆகியவற்றை அனுபவித்த பிள்ளைகளுக்கும், சண்டை, போதை, வீட்டைவிட்டு ஓடுதல் என்று கெட்ட பெயர் வாங்கிவிட்ட பிள்ளைகளுக்கும் முகாம் நடத்த நினைக்கும் சபைகளும் இளைஞர் ஊழியர்களும் கேட்கும் கேள்விகள் இவை. ‘பாதிக்கப்பட்டவர்கள்’, ‘பிரச்சினைக்காரர்கள்’ என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். முகாம் தொடங்கி இரண்டு நாளில், பல வேளைகளில் ஒரே பிள்ளைதான் இரண்டுமாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

வழக்கமான இளைஞர் முகாமிலேயே இவர்களையும் சேர்த்துக்கொண்டால் என்ன?

ஓரிருவரைச் சேர்க்கலாம், அவர்களுக்கென்று ஒரு பெரியவரை ஒதுக்க முடிந்தால். ஆனால் வழக்கமான முகாமுக்குக் களை கட்டுவதெல்லாம் இவர்களுக்கு மிரட்சி தருவதாக இருக்கும். அறிவிக்காத ஆச்சரியங்கள், நள்ளிரவு விளையாட்டு, விளக்கணைத்த ஆராதனை, காதைப் பிளக்கும் இசை, எல்லோரும் அழுது முடிக்கும் கடைசி இரவு, இவை நிம்மதியான வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு மறக்க முடியாத அனுபவம். அடுத்த நிமிடம் அப்பா எந்த முகத்தோடு உள்ளே வருவார் என்று தெரியாமல் வளர்ந்த பிள்ளைக்கோ, உடம்பு முழுக்க அபாய மணி அடிக்கும்.

அந்தப் பிள்ளைக்கு வேண்டியது எதிர்பார்த்தபடி நடக்கும் நாட்கள். சொன்ன நேரத்தில் சாப்பாடு. சொன்ன இடத்தில் சொன்ன ஆள். “நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்” என்றவர் நாளைக்கு வந்து சொல்வது, பதில் ‘இல்லை’ என்றாலும் சரி. பெரியவர்களின் வார்த்தைக்கு மதிப்பில்லை என்று கற்றுக்கொண்டு வருகிறவர்கள் இவர்கள். முகாமில் மற்ற எல்லாத் திட்டங்களும் இதற்குப் பின்தான். கீழே வரும் விதிகளில் பாதி, சொன்ன சொல் தவறாமல் இருப்பது எப்படி என்பதற்கான விளக்கமே.

முகாம் ஒரு சிகிச்சையா?

இல்லை. ஐந்து நாளில் யாரும் குணமாவதில்லை. உள்ளே இருப்பதை எல்லாம் ஒரே அமர்வில் கொட்டவைத்துவிட்டால் பாரம் குறையும் என்ற எண்ணம் ஊழிய வட்டாரத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் அப்படி ஒரே அமர்வில் சம்பவத்தைக் கிளறும் முறையைப் பரிந்துரைப்பதில்லை. அதன் உளவியல் முதலுதவி வழிகாட்டி (2011) மூன்றே வேலைகளைச் சொல்கிறது: கவனித்துப் பார், காது கொடுத்துக் கேள், தகுந்த உதவியோடு இணை. முகாம் ஊழியர்களுக்கு அந்த எல்லை போதும். ஏற்கெனவே மனநல ஆலோசகரிடம் போய்வரும் பிள்ளை என்றால், முகாமுக்கு முன்பே (பிள்ளை, அதை வளர்க்கும் பொறுப்பாளர் இருவரின் சம்மதத்தோடு) அந்த ஆலோசகரிடம் எதைத் தவிர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை பிள்ளைகள், எத்தனை பெரியவர்கள், எத்தனை நாள்?

அமெரிக்க முகாம் சங்கத்தின் பொதுவான அளவுகோலில், இரவு தங்கும் முகாமுக்கு 9 முதல் 14 வயது வரை எட்டுப் பேருக்கு ஒருவர், 15 முதல் 18 வரை பத்துப் பேருக்கு ஒருவர். அது சாதாரண முகாமுக்கான கணக்கு. இந்தப் பிள்ளைகளுக்கு அதை அப்படியே எடுத்துக்கொண்டால் இரண்டாம் நாளே தடுமாறுவீர்கள். இரண்டு பிள்ளைகளுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடியவே இல்லையென்றால் மூன்றுக்கு ஒருவர். இதில் சமையல், வண்டி, இசைக்குழு ஆட்களைச் சேர்க்காதீர்கள். கணக்கில் சேராத இரண்டு பெரியவர்கள் எப்போதும் கையில் இருக்க வேண்டும். ஒரு பிள்ளை குழுவைவிட்டு வெளியே நடந்தால் பின்னால் போக ஓர் ஆள், போனவரின் குழுவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்.

முதல் முறை என்றால் 12 முதல் 16 பிள்ளைகள். நான்கு இரவுகள். அதற்குக் குறைந்தால் பழகுவதற்குள் முடிந்துவிடும்; கூடினால் ஊழியர்கள் களைத்துத் தவறு செய்யத் தொடங்குவார்கள். ஒரு குழுவுக்குள் வயது வித்தியாசம் இரண்டு, மிஞ்சினால் மூன்று ஆண்டு. பதினொரு வயதுப் பிள்ளையையும் பதினேழு வயதுப் பிள்ளையையும் ஒரே அறையில் படுக்கவைக்கக் கூடாது, அண்ணன் தம்பியாக இருந்தாலும்.

ஊழியர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? எங்கள் சபையார் எல்லோரையும் எங்களுக்குத் தெரியுமே.

தெரிந்தவர் என்பது ஒரு தகுதியே அல்ல. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்கிறவர்கள் முதலில் பெரியவர்களின் நம்பிக்கையைத்தான் சம்பாதிப்பார்கள். இங்கிலாந்தில் ஜான் ஸ்மைத் என்ற வழக்கறிஞர், கிறிஸ்தவ முகாம்களை நடத்திய அறக்கட்டளையின் தலைவராக இருந்துகொண்டு, அங்கே அறிமுகமான பையன்களைக் கொடூரமாக அடித்துவந்தார். 1982-லேயே உள்ளுக்குள் ஓர் அறிக்கை எழுதப்பட்டது, காவல்துறைக்குப் போகவில்லை. அவர் 1984-ல் ஜிம்பாப்வேக்குப் போய் அங்கும் முகாம் நடத்தினார். இங்கிலாந்தில் செய்தவற்றுக்காக வழக்கு விசாரணையைச் சந்திக்காமலே 2018-ல் இறந்தார். இதை ஆராய்ந்து 2024 நவம்பரில் வெளியான மேக்கின் ஆய்வறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் இங்கிலாந்து திருச்சபையின் அப்போதைய தலைமைப் பேராயர், காண்டர்பரியின் ஜஸ்டின் வெல்பி பதவி விலகல் அறிவித்தார். ஊழியத்தின் பெயர் கெட்டுவிடும் என்று மூடிவைத்ததன் விலையை இரண்டு கண்டங்களில் பிள்ளைகள் கொடுத்தார்கள்.

எனவே சபை மூப்பர் முதல் சமையலுக்கு உதவுகிறவர் வரை எல்லோருக்கும் ஒரே வழிமுறை: எழுத்து விண்ணப்பம், உறவினர் அல்லாத மூவரின் பரிந்துரை, அதில் ஒருவராவது இவர் பிள்ளைகளோடு பழகுவதைக் கண்ணால் பார்த்தவர், இருவர் சேர்ந்து நடத்தும் நேர்காணல், உங்கள் நாட்டில் உள்ள காவல்துறைச் சரிபார்ப்பு. பரிந்துரை செய்தவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுங்கள். “இவரிடம் உங்கள் பிள்ளையை நான்கு இரவு விட்டுவைப்பீர்களா?” என்று கேட்டபின் வரும் ஒரு நொடி மௌனத்தைக் கடிதத்தில் பார்க்க முடியாது. காவல்துறைச் சரிபார்ப்பு அவசியம், ஆனால் அது பிடிபட்டவர்களை மட்டுமே காட்டும்.

தானும் சிறுவயதில் காயப்பட்டதால் ஊழியம் செய்ய வருகிறவர்களை அதற்காகவே மறுக்க வேண்டாம். அதைப் பற்றி வேறிடத்தில் பேசி ஓரளவு தெளிந்தவர்களா என்று மட்டும் பாருங்கள். பிள்ளையின் கதை கேட்டதும் தன் கதையைச் சொல்லத் துடிக்கிறவர் இன்னும் ஆயத்தமாகவில்லை. விதிகளைக் கேட்டதும் “அன்பு இருக்கும் இடத்தில் இதெல்லாம் எதற்கு?” என்கிறவரை நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

பயிற்சி குறைந்தது பத்து மணி நேரம், முகாமுக்கு முந்தின மாலை அல்ல. அதில் 2 சாமுவேல் 13-ஐப் பெரியவர்களே உட்கார்ந்து வாசிப்பது நல்லது. தாவீது ராஜாவின் மகள் தாமாருக்குப் பாலியல் தீங்கு நடந்தபின் அவள் அண்ணன் அப்சலோம் “மவுனமாயிரு” என்கிறான்; தாவீது கோபப்படுகிறார், ஆனால் தாமாருக்காக ஒன்றும் செய்ததாக அந்த அதிகாரத்தில் இல்லை. கோபப்பட்டதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் தலைவர்களை நாம் நன்றாகவே அறிவோம்.

‘தனியாக இருக்கக் கூடாது’ என்ற விதியை நடைமுறையில் எப்படிக் காப்பது?

ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மற்றவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் எப்போதும் இருக்கக் கூடாது. தனிப்பட்ட பேச்சு வேண்டுமானால் மைதானத்து ஓரம், கதவு திறந்த வராந்தா: பார்வை படும், காது எட்டாது. வண்டியில் இரண்டு பெரியவர்கள். குளியலறையில் பிள்ளைகள் இருக்கும்போது பெரியவர்கள் குளிக்கக் கூடாது. வெளியே இருவர் நின்று நேரம் பார்ப்பார்கள். படுக்கை அறைக்கு இரண்டு பெரியவர்கள், பிள்ளைகளின் பாலினத்தவர், ஒருவருக்கொருவர் கணவன் மனைவியோ நெருங்கிய உறவோ அல்லாதவர்கள்.

இந்த விதி உடைவது பெரும்பாலும் நல்ல நோக்கத்தோடுதான். ஜெபம் முடிந்து ஒரு பெண் பிள்ளை அழுகிறாள், மற்றவர்கள் சாப்பிடப் போகிறார்கள், ஓர் அக்கா மட்டும் அவளோடு மண்டபத்தில் தங்கிவிடுகிறார். அதனால் இடைவேளைகளுக்கும் ஆள் போடுங்கள். நிகழ்ச்சிக்கும் நிகழ்ச்சிக்கும் நடுவிலுள்ள பத்து நிமிடங்களில்தான் விதி தளரும், சண்டையும் அங்கேதான் மூளும்.

பதிவுப் படிவத்தில் எதைக் கேட்க வேண்டும்?

நடந்த கொடுமையின் விவரம் வேண்டாம். அது உங்களுக்குத் தேவையில்லை. படிவம் பலர் கைக்குப் போகும். கேட்க வேண்டியவை: பிள்ளையைப் பயமுறுத்துபவை என்ன (உரத்த குரல், இருட்டு, மூடிய கதவு, ஒரு குறிப்பிட்ட வாசனை), கோபம் வரும்முன் தெரியும் அடையாளம் என்ன, எது அமைதிப்படுத்தும், தூக்கம் எப்படி, படுக்கை நனைகிறதா, கடந்த ஆறு மாதத்தில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டதா, யாரோடு தொடர்பு கொள்ள நீதிமன்றமோ பொறுப்பாளரோ தடை விதித்திருக்கிறார்கள், முகாமிலிருந்து அழைத்துப்போக யாருக்கு மட்டும் உரிமை. கடைசி இரண்டையும் வாசலில் நிற்பவர் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். “நான்தான் சித்தப்பா” என்று வந்து நிற்பவரை அடையாள அட்டை பார்க்காமல் உள்ளே விடக் கூடாது.

படிவத்தில் ஒரு பக்கம் பிள்ளையே நிரப்புவதாக இருக்கட்டும்: என்ன பெயரில் கூப்பிட வேண்டும், என்ன பிடிக்காது, வர விருப்பமா. விருப்பமில்லாமல் வரும் பிள்ளையை நான்கு நாள் பிடித்துவைப்பது முகாம் அல்ல.

மருந்துகள்?

எல்லா மருந்தும் பெயர்ச்சீட்டு ஒட்டிய மூல உறையில், மாத்திரை எண்ணிக்கையை அழைத்துவந்தவர் முன்னால் எண்ணி, இருவர் கையெழுத்துடன் வாங்கிப் பூட்டிய பெட்டியில் வைக்கவும். கொடுக்கும்போதும் நேரம், அளவு, இரண்டு கையெழுத்து. ஆஸ்துமா இன்ஹேலரும் ஒவ்வாமை ஊசியும் மட்டும் பூட்டுக்குள் போகக் கூடாது. பிள்ளையோடு அல்லது அந்தக் குழுவின் பெரியவரோடு எப்போதும் இருக்க வேண்டும்.

கவனக்குறைவுக் கோளாறுக்கான மருந்துகள் பசியைக் குறைக்கும். மதியம் சாப்பிடாத பிள்ளையை அடம் என்று நினைத்துக் கண்டிக்காமல் இரவில் கூடக் கொடுங்கள். லித்தியம் எடுக்கும் பிள்ளை வெயிலில் விளையாடி உடலில் நீர் வற்றினால் மருந்தின் அளவு இரத்தத்தில் கூடி ஆபத்தாகும். மன அழுத்த மருந்துகளையும் வலிப்பு மருந்துகளையும் திடீரென நிறுத்தக் கூடாது. “விசுவாசித்தால் மாத்திரை வேண்டாம்” என்று மேடையிலோ தனியாகவோ சொல்லும் ஊழியரை அன்றே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இதில் இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

முதல் நாள் எப்படி இருக்க வேண்டும்?

முதல் ஆறு மணி நேரம் மிக முக்கியம். வண்டியிலிருந்து இறங்கியதும் பாட்டும் கூச்சலும் கைதட்டலுமாக வரவேற்காதீர்கள். ஒரு பிள்ளையிடம் ஒரு பெரியவர் போய்த் தன் பெயரைச் சொல்லி, கட்டில், கழிப்பறை, சாப்பிடும் இடம், மருந்து இருக்கும் அறை, பயந்தால் போய் உட்காரக்கூடிய அமைதியான இடம் ஆகிய ஐந்தையும் நடந்து காட்டட்டும். கட்டிலைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பலர் சுவரோரமாக, கதவு தெரியும்படி உள்ள கட்டிலைத்தான் எடுப்பார்கள். கால அட்டவணை அறை அறையாக ஒட்டியிருக்க வேண்டும். மழையால் ஏதாவது மாறினால், மாறுமுன் சொல்ல வேண்டும்.

சாப்பாடு, தண்ணீர், தூக்கம். 1 இராஜாக்கள் 19-ல் சாக விரும்பிப் படுத்த எலியாவிடம் தூதன் பேசின முதல் வார்த்தை “எழுந்திருந்து போஜனம்பண்ணு” என்பதுதான். எலியா சாப்பிட்டு, திரும்பவும் படுத்து, திரும்பவும் சாப்பிட்டபின்தான் ஓரேபுக்குப் பயணம். முதல் நாள் இரவில் செய்தி வைக்க வேண்டாம் என்று சொன்னால் முகம் சுளிக்கும் பிரசங்கியாருக்கு இந்தப் பகுதியைக் காட்டலாம்.

சாப்பாட்டை ஒளித்து வைக்கிறார்களே, கண்டிக்கலாமா?

கூடாது. பட்டினி பழகிய பிள்ளை தலையணைக்கடியில் எடுத்து வைப்பது திருட்டு அல்ல. கெடாத தின்பண்டமும் பழமும் ஒரு கூடையில் எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். காலியானால் கண் முன்னாலேயே நிரப்புங்கள். சாப்பாட்டைத் தண்டனையாகக் குறைப்பதோ பரிசாகக் கூட்டுவதோ எந்தக் காரணத்துக்காகவும் நடக்கக் கூடாது.

இரவுகள்தான் எங்களுக்குப் பயம். என்ன ஏற்பாடு?

உங்களைவிட அவர்களுக்குப் பயம் அதிகம். பலருக்குத் தீங்கு நடந்தது இரவில், படுக்கையில், கதவைத் திறந்து வந்த ஒருவரால். எனவே முழு இருட்டு வேண்டாம். நடைவழியில் மங்கலான விளக்கு. இரவில் சுற்றிப் பார்க்கும் பெரியவர் டார்ச்சைத் தரையை நோக்கிப் பிடிக்க வேண்டும், முகத்தில் அடிக்கக் கூடாது. காலையில் எழுப்பும்போது தோளைத் தொட்டோ போர்வையை இழுத்தோ எழுப்பாதீர்கள். கட்டில் கால் பக்கமாக மூன்றடி தள்ளி நின்று பெயரைச் சொல்லுங்கள், உங்கள் பெயரையும் சேர்த்து: “பிள்ளைகளே, நான் இன்னார், மணி ஆறரை.” யார் இரவு விழித்திருப்பார், எங்கே உட்கார்ந்திருப்பார் என்பது தூங்குமுன் எல்லோருக்கும் தெரிய வேண்டும். விழித்திருப்பவருக்கு மறுநாள் காலை முழு ஓய்வு.

படுக்கை நனைவது பதினான்கு, பதினைந்து வயதிலும் வரும். நனைக்கும் பிள்ளையின் மெத்தைக்கு மட்டும் நீர் புகா உறை போட்டால் சலசலக்கும் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். எல்லா மெத்தைக்கும் போடுங்கள். ஒரே நிறத்தில் உபரி விரிப்பு ஒவ்வோர் அறையிலும் நான்கு. மற்றவர்கள் பல் துலக்கப் போகும்போது ஒருவர் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால், ஒரு வார்த்தைகூடப் பேசாமல் விஷயம் முடிந்துவிடும்.

எந்த விளையாட்டுகளைத் தவிர்க்க வேண்டும்?

கண்ணைக் கட்டுவது, துரத்திப் பிடித்து மடக்குவது, ஒருவரை நடுவில் நிறுத்திச் சிரிப்பது, தோற்றவர் மேடையில் ஏறிக் கூத்துக் காட்டுவது, பின்னால் சாய்ந்து விழ மற்றவர் பிடிக்கும் ‘நம்பிக்கை’ விளையாட்டு. இந்தக் கடைசிப் பழக்கம் ஏன்தான் இன்னும் இருக்கிறதோ. நம்பி விழுந்து அடிபட்ட பிள்ளையிடம் நம்பி விழு என்று கேட்பது!

கையால் செய்து முடித்துக் கொண்டுபோகக்கூடிய வேலை நன்றாக எடுபடும்: தச்சு, தோட்டம், தையல், சமையல், தாளம். தோளோடு தோள் உட்கார்ந்து கை வேலை செய்யும்போது, முகம் பார்த்துப் பேசுவதைவிட எளிதாகப் பேச்சு வரும். எந்த நிகழ்ச்சியிலும் ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்ல உரிமை இருக்கட்டும். நீச்சல் என்றால் உயிர்காப்பாளர் அவசியம், முழு உடை அணிய அனுமதியும் வேண்டும்; தழும்பு தெரியக் கூடாது என்றே சிலர் தண்ணீரில் இறங்குவதில்லை.

ஒரு பிள்ளை வெடித்துவிட்டால்?

நாற்காலி பறக்கும்போது புத்திமதி காதில் ஏறாது. மற்றப் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போங்கள். ஆத்திரத்தில் ஆடும் பிள்ளையை வெளியேற்றுவதைவிட இது எளிது. பேசுவது ஒருவர் மட்டும். பக்கவாட்டில், கை எட்டாத தூரத்தில், முடிந்தால் உட்கார்ந்து, வாசலை மறிக்காமல். குரல் தாழ்ந்து, வாக்கியம் சின்னதாக: “நான் இங்கேதான் இருக்கிறேன். யாரும் உன்னைத் தொடமாட்டார்கள்.” ‘ஏன்’ என்ற கேள்வி வேண்டாம். கொஞ்சம் தணிந்ததும் குளிர்ந்த தண்ணீர் கொடுங்கள், பாதங்களைத் தரையில் அழுத்தச் சொல்லுங்கள், கண்ணில் படும் ஐந்து பொருளைச் சொல்லச் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து இருந்தாலொழியப் பிடித்து அமுக்கக் கூடாது. குப்புறக் கிடத்திப் பிடிப்பது மூச்சை அடைத்துக் கொல்லக்கூடியது. அது எந்தச் சூழலிலும் கூடாது.

உடைந்ததைப் பிறகு அந்தப் பிள்ளையும் ஒரு பெரியவரும் சேர்ந்து சரிசெய்வது நல்ல ஒழுக்கப் பயிற்சி. எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கவைப்பது அவமானப்படுத்துதல், அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. வீட்டுக்கு அனுப்புவது மற்றவர்களுக்கு உண்மையான ஆபத்து இருக்கும்போது மட்டும். அப்போதும், போகும் இடம் பாதுகாப்பானதா என்று உறுதி செய்த பின்னரே.

தலையில் கைவைத்து ஜெபிக்கலாமா? அணைத்துக்கொள்ளலாமா?

கேளுங்கள். “கைவைக்காமலும் ஜெபிக்கலாம், எப்படி வேண்டும்?” என்று கேட்டு, இல்லை என்றால் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொள்ளுங்கள். தன் ‘வேண்டாம்’ செல்லுபடியாவதை வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பிள்ளை பார்க்கும் இடம் அதுவாக இருக்கலாம். பிள்ளை தானாக வந்து அணைத்தால் பக்கவாட்டில், சுருக்கமாக, மற்றவர் பார்க்க. மடியில் உட்காரவைப்பது, முதுகு தடவுவது, கூச்சங்காட்டுவது, முத்தம் எதுவும் இல்லை. கண்ணை மூடித்தான் ஜெபிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். கண்ணைத் திறந்து வைத்திருப்பது சிலருக்குப் பாதுகாப்பு.

வேதபாடத்தில் எதைப் போதிப்பது, எதில் கவனம் வேண்டும்?

புலம்பல் சங்கீதங்களிலிருந்து தொடங்குவது நல்லது. “கர்த்தாவே, எதுவரைக்கும்” என்று கேட்கும் 13-ம் சங்கீதம், இருளோடு முடியும் 88-ம் சங்கீதம். கடவுளிடம் கோபமாகப் பேசலாம், வேதமே அதற்கு வார்த்தை தருகிறது என்பது பலருக்குப் புதுச் செய்தி.

கடவுளைத் தகப்பன் என்று சொல்லும் பாடத்தை முதல் நாளே எடுக்காதீர்கள். அந்தச் சொல் கேட்டதும் சிலருக்கு நினைவுக்கு வருவது பெல்ட். மேய்ப்பன், கன்மலை, அடைக்கலம் என்று வேதத்தில் வேறு பெயர்களும் உண்டு. தகப்பன் பிறகு வரட்டும்.

“தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு” என்பதைத் துன்புறுத்தலைச் சகித்துக்கொள் என்ற பொருளில் போதிப்பது தீங்கு. உண்மையைச் சொல்வதும் உதவி கேட்பதும் கனவீனம் அல்ல என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். எஜமானியிடமிருந்து ஓடிப்போன அடிமைப் பெண் ஆகாரின் கதை ஆறுதலானது என்று பலர் எடுக்கிறார்கள். “என்னைக் காண்கிற தேவன்” என்ற பெயர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஆதியாகமம் 16-ல் தூதன் அவளைக் கடினமாக நடத்தியவளிடமே திரும்பிப் போகச் சொல்கிறான். வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளை அந்த வரியை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பதில் வைத்திருக்காதவர் அந்தப் பகுதியை எடுக்க வேண்டாம்.

மன்னிப்பைப் பற்றி: தீங்கு செய்தவரை இந்த வாரமே மன்னிக்க வேண்டும் என்று நெருக்காதீர்கள். யோசேப்பு சகோதரரைக் கண்டதும் கட்டிப்பிடிக்கவில்லை. ஆதியாகமம் 42 முதல் 45 வரை அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று சோதித்துப் பார்த்த பின்னரே தன்னை வெளிப்படுத்தினான். மன்னிப்பு வேறு, மறுபடி நம்புவது வேறு, காவல்துறையில் சொல்வது வேறு. மூன்றையும் ஒன்றாக்கினால் லாபம் தீங்கு செய்தவருக்கு.

அர்ப்பணிப்பு அழைப்பு கொடுக்கலாமா?

சுவிசேஷத்தைச் சொல்லலாம், இது கிறிஸ்தவ முகாம் என்பதைப் படிவத்திலேயே தெரிவித்திருக்க வேண்டும். ஆனால் பெரியவரைப் பிரியப்படுத்துவது இந்தப் பிள்ளைகளுக்கு உயிர் பிழைக்கும் வித்தை. கை தூக்கு என்றால் தூக்குவார்கள், அழு என்றால் அழுவார்கள். தாழ்ந்த இசை, மூடிய கண்கள், “இன்னும் ஒருவர், இன்னும் ஒருவர்” என்ற அழைப்பில் கிடைக்கும் எண்ணிக்கைக்குப் பொருளில்லை. ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் (1989) 14-ம் பிரிவு பிள்ளைக்கும் மனச்சாட்சிச் சுதந்திரம் உண்டு என்கிறது. இதை ஊழியத்துக்குத் தடையாகப் பார்க்க வேண்டியதில்லை. பேச விரும்புகிறவர் மறுநாள் காலை உணவுக்குப் பின் இந்த மரத்தடியில் வந்து கேட்கலாம் என்று சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் தானாக நடந்து வருகிற பிள்ளையின் கேள்வி நிஜமானது.

பிள்ளைகளைச் சாட்சி சொல்ல மேடையேற்ற வேண்டாம். பிசாசு ஓட்டுதல் முகாமில் அறவே கூடாது: நடுக்கம், உறைந்து நிற்றல், வேறு குரலில் பேசுதல் எல்லாம் கடும் அதிர்ச்சியின் விளைவாகவும் வலிப்பாகவும் இருக்கலாம். பலர் சூழ்ந்து பிடித்துக் கத்துவது பழைய கொடுமையைத் திரும்ப நடத்துவதுதான்.

“அண்ணா, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்கள்” என்று ஒரு பிள்ளை தொடங்கினால்?

சத்தியம் பண்ணாதீர்கள். “உன்னைப் பாதுகாக்க யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தால் சொல்வேன், யாரிடம் என்று உன்னிடம் முதலில் சொல்வேன்.” சில பிள்ளைகள் அதோடு வாயை மூடிக்கொள்வார்கள். பரவாயில்லை. ஏமாற்றித் தெரிந்துகொண்டதைவிட அது மேல். பெரும்பாலும் திரும்பி வருவார்கள்.

பேசினால் கேளுங்கள். முகத்தில் அதிர்ச்சி காட்டாதீர்கள். காட்டினால் பாதியில் நிறுத்திவிடும். “என்ன நடந்தது?”, “அப்புறம்?” போதும். “மாமாவா? இங்கே தொட்டாரா?” என்று விடையை ஊட்டும் கேள்விகள் பின்னால் விசாரணையைக் கெடுத்துவிடும். சொல்ல வேண்டியது மூன்று: “சொன்னது நல்லது. உன் தப்பு இல்லை. அடுத்து இன்னாரிடம் பேசப் போகிறேன்.” எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லாதீர்கள், உங்களுக்கு அது தெரியாது.

ஒரு மணி நேரத்துக்குள் எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், பிள்ளை சொன்ன வார்த்தைகள் அப்படியே. உறுப்புகளுக்குப் பிள்ளை சொன்ன கொச்சைச் சொல்லை மருத்துவச் சொல்லாக மாற்றாதீர்கள். உங்கள் கருத்தைக் கலக்காதீர்கள். முகாமின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். அவர் சட்டப்படி புகார் அளிப்பார். பல நாடுகளில் தெரிந்தும் சொல்லாமலிருப்பதே குற்றம், எனவே எந்த எண்ணை, எந்த அலுவலகத்தை அழைப்பது என்பது முகாமுக்கு முன்பே சுவரில் இருக்க வேண்டும். போதகரிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீங்கள் பேசக் கூடாது. தீங்கு வீட்டில் என்றால் வீட்டுக்கு அழைத்துச் சொல்லவும் கூடாது.

சமீபத்தில் நடந்த பாலியல் வன்முறை என்றால் நேரம் முக்கியம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு முன்னால் முடியுமோ அவ்வளவு நல்லது. அவசரக் கருத்தடை ஐந்து நாள் வரை உதவும். குளிக்கவோ உடை துவைக்கவோ அவசரப்படாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடமாட்டோமா?

மாட்டோம். “சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?” என்று நேராகக் கேட்பது எண்ணத்தை உண்டாக்குவதில்லை, பேச வழி திறக்கிறது. ஆம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறதா என்று கேளுங்கள். தனியே விடாதீர்கள், கயிறு, கத்தி, மருந்துகளை அப்புறப்படுத்துங்கள், மனநல உதவியை அன்றே அழையுங்கள். அது பாவம் என்று அந்த நேரத்தில் பாடம் எடுக்க வேண்டாம். பழைய வெட்டுத் தழும்புகளை மற்றவர் முன் விசாரிக்க வேண்டாம். புதுக் காயமானால் முதலுதவி, பிறகு மேற்சொன்ன கேள்வி.

புகைப்படம், கைபேசி?

முகம் தெரியும் படம் எதையும் வெளியிடக் கூடாது, நன்கொடையாளர்களுக்கு அனுப்பவும் கூடாது. தேடிக்கொண்டிருப்பவருக்குப் பிள்ளை இருக்குமிடத்தை ஒரே படம் சொல்லிவிடும். ஊழியர்கள் சொந்தக் கைபேசியில் எடுக்கவே வேண்டாம். ஒரு பொதுக் கேமரா, ஒரு பொறுப்பாளர். பிள்ளைக்குத் தன் படத்தின் பிரதி ஒன்று காகிதத்தில். சிலரிடம் தன் சிறுவயதுப் படமே இருக்காது, ஆகவே இதைச் சில்லறை விஷயமாக எண்ண வேண்டாம்.

கடைசி நாளையும் அதற்குப் பிறகையும் எப்படிக் கையாளுவது?

பிரிவு நெருங்கும்போது நன்றாயிருந்த பிள்ளை திடீரெனச் சண்டைக்கு வரும். விடப்படுவதற்குமுன் தானே உறவை முறித்துக்கொள்ளும் பழக்கம் அது. முதல் நாளிலிருந்தே “இன்னும் மூன்று இரவு”, “இன்னும் இரண்டு” என்று சொல்லி வாருங்கள். கடைசி இரவை உணர்ச்சியின் உச்சமாக்காமல், வழக்கமான சாப்பாடு, வழக்கமான நேரத்துக்குத் தூக்கம்.

“நான் எப்போதும் உன்னோடிருப்பேன்” என்று யாரும் சொல்லக் கூடாது. செய்ய முடிந்ததை மட்டும் சொல்லுங்கள்: இரண்டு வாரத்தில் ஒரு கடிதம், பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து, பொறுப்பாளர் வழியாக மட்டும். தனிப்பட்ட எண்ணைக் கொடுப்பதோ நள்ளிரவுச் செய்திகளோ இல்லை. எழுதுவதாகச் சொன்ன கடிதத்தை எழுதாமல் விடுவது, சொல்லாமலே இருந்ததைவிட மோசம். அதனால் அனுப்பினாயிற்றா என்று சரிபார்க்க ஒருவரை நியமியுங்கள்.

ஊழியர்கள் மறுநாளே வேலைக்கு ஓடாமல் ஒரு நாள் ஓய்வெடுக்க வேண்டும். கேட்ட கதைகளை வீட்டாரிடமும் ஜெபக்குழுவிலும் ‘ஜெபக்குறிப்பு’ என்ற பெயரில் பரப்பக் கூடாது. தூக்கமின்மையோ திரும்பத் திரும்ப வரும் நினைவோ சில வாரங்கள் நீடித்தால் அவர்களுக்கும் ஆலோசகர் தேவை.

எங்கள் சபை சின்னது. இவ்வளவும் முடியுமா?

இரவு தங்கும் முகாம் முடியாது என்றால் நடத்தாதீர்கள். ஆறு பிள்ளைகளோடு மாதம் ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை, அதே நான்கு பெரியவர்கள், அதே இடம். இந்தப் பிள்ளைகளுக்கு அது நான்கு இரவைவிடக் கூடுதலாகவே உதவலாம். ஓராண்டு அப்படி நடத்திப் பார்த்துவிட்டு இரவைப் பற்றி யோசியுங்கள்.

போன ஆண்டு வந்த பிள்ளையை மறுபடி சேர்க்கலாமா?

புதியவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று பழையவர்களை நிறுத்தாதீர்கள். முடிந்தால் அதே அறை, அதே பெரியவர். அந்தப் பெரியவர் இந்த முறை வரவில்லை என்றால், பிள்ளை வண்டியிலிருந்து இறங்கித் தேடும்வரை காத்திராமல், ஒரு மாதத்துக்கு முன்பே அவர் கையெழுத்திலேயே எழுதித் தெரிவிக்கச் சொல்லுங்கள்.